பெயராத பெயர்க்கல்

டாக்டர் அல்லி வேலை பார்த்த கடலோரப் பொருளறிவியல் உயராய்வு நிறுவனத்தில், ஒரு பொருளை எவ்வளவு இழுத்தால் பிய்யும் என்று அளந்து சொல்லும் இயந்திரம் ஒன்று இருந்தது. இரண்டு வருஷமாக இருந்தது. இருந்ததே தவிர, ஒரு நூலைக்கூட இழுத்ததில்லை. காரணம், அதற்கு இன்னும் திறப்பு விழா நடக்கவில்லை. பெட்டியைப் பிரித்து, இயந்திரத்தை நிமிர்த்தி, மின்சார இணைப்பும் கொடுத்து, கடைசியாக அதன் இடுப்பில் ஒரு சிவப்பு ரிப்பனையும் கட்டியிருந்தார்கள். அதை வெட்டத் தில்லியிலிருந்து துறைச் செயலாளர் வரவேண்டும். செயலாளருக்குத் தேதி கிடைக்கவில்லை. உப்புக்காற்றில் ரிப்பன் வெளுத்துப் போக, புதிது வாங்கிக் கட்டினார்கள். இப்போது கட்டியிருப்பது நான்காவது ரிப்பன்.

அல்லிக்கு அந்த இயந்திரத்தில் ஒரே ஒரு நாள் வேலை இருந்தது.

அவள் ஒரு பசையைக் கண்டுபிடித்திருந்தாள். கடலுக்குள் இருக்கும் சிப்பி, அலை அடித்துக்கொண்டிருக்கும்போதே ஈரப் பாறையைப் பிடித்துக்கொள்கிறது அல்லவா? மனிதன் செய்த பசைகளெல்லாம் ஈரத்தைக் கண்டால் கைவிரித்துவிடும், சிப்பி விடுவதில்லை. அது சுரக்கும் பிசினைப் போலவே ஒன்றை அல்லி ஆய்வுக்கூடத்தில் தயாரித்தாள். சிப்பி ஓட்டுக்கு உறுதி தருகிற சுண்ணாம்புப் படிகங்களைத் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வளர்த்து அதில் கலந்தாள். பட்டினச்சேரியிலிருந்து காசியம்மா வாரம் ஒரு கூடை சிப்பி கொண்டுவந்து கொடுப்பாள். மீன் விற்கும் பெண்தான் என்றாலும், இந்த ஆராய்ச்சியில் அல்லிக்கு இருந்த ஒரே சக அறிஞர் அவள்தான்.

"எங்க படகுலேருந்து இதைச் சுரண்டி எடுக்கறதுக்குள்ள கத்தி மொட்டையாயிடும். நீ என்னடான்னா இதை மாதிரியே செய்யணுங்கற. செஞ்சு முடிச்சா மொதல்ல எங்க படகு விரிசலுக்கு ஒரு கை குடும்மா" என்பாள்.

பசை ஒட்டியது. ஈரக் கல்லில் ஒட்டியது, தண்ணீருக்குள்ளேயே ஒட்டியது. ஆனால் எவ்வளவு பலமாக ஒட்டுகிறது என்பதற்கு எண் வேண்டும். அதிகாரப்பூர்வமான, கையெழுத்திட்ட எண். அது இருந்தால் நிதி கொடுக்கும் மன்றம் திட்டத்தை நீட்டிக்கும். இல்லையென்றால் டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதியோடு திட்டமும் முடியும், ஒப்பந்த விஞ்ஞானியான அல்லியின் வேலையும் முடியும்.

நிர்வாக அதிகாரி சோமசேகரனிடம் அவள் நேரில் போய்க் கேட்டாள்.

"சார், ரிப்பனை அவிழ்க்கவே மாட்டேன். அதை மேல தூக்கிவிட்டுட்டு ஒரே ஒரு டெஸ்ட் மட்டும் பண்ணிக்கிறேன்."

சோமசேகரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். விதிகளைப் படிக்க அதைப் போடுவார், மனிதர்களைப் பார்க்கக் கழற்றுவார்.

"மேடம், கும்பாபிஷேகம் ஆகாத கோயில்ல அர்ச்சனை பண்ணச் சொல்வீங்களா?"

"அப்ப விழா எப்ப சார்?"

"அது மேலிடம். நீங்க கடிதமா குடுங்க."

அல்லி கடிதமாகக் கொடுத்தாள். ஒன்பது கடிதங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் சோமசேகரன் பச்சை மையில் 'பசையின் வலிமை நிரூபிக்கப்படவில்லை. எனவே பரிசோதனைக்கு அவசியம் எழவில்லை' என்று எழுதிக் கோப்பில் சேர்த்தார். ஒருமுறை ஆய்வுக்கூடத்தைப் பார்வையிட வந்தவர், நானோ படிகங்களைக் காட்டச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாது என்றாள் அல்லி. அவர் நெடுநேரம் குடுவையை உற்றுப் பார்த்துவிட்டு, "மாதிரிக்காவது பெரிசா நாலு நானோ செஞ்சு வைங்க. ஆய்வுக்கு வர்றவங்க நம்ப வேண்டாமா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பரில் திடீரென்று தேதி கிடைத்தது.

காரைக்காலில் நவம்பர் என்றால் மழை. நான்கு நாளாக விடாமல் கொட்டியது. கோவில்பத்தைத் தாண்டி வயல்களுக்கு நடுவே இருந்த நிறுவனம், பாதித் தீவாகியிருந்தது. முந்தின நாள் மாலைதான் கல்வெட்டு வந்து சேர்ந்தது. ஒன்றரை அடிக்கு ஓர் அடி, கறுப்புக் கிரானைட், தங்க நிற எழுத்து. 'மதிப்பிற்குரிய செயலாளர்' என்று தொடங்கி, அவர் பெயரைப் பெரிதாகவும், இயக்குநர் சிவராமன் பெயரை அதைவிட ஒரு நூல் சிறிதாகவும் போட்டு, இயந்திரத்தின் பெயருக்கு இடம் போதாமல் 'இயந்திரம்' என்று மட்டும் பொறித்திருந்தது.

கொத்தனார் முத்தையன் அதைச் சிமெண்ட் வைத்து இயந்திர அறையின் வெளிச்சுவரில் பதித்தார். மறுநாள் காலை ஏழரை மணிக்குக் கல் நழுவி அவர் கைக்கே வந்துவிட்டது.

"செவுரே தண்ணி குடிச்சுப்போயி கெடக்குங்க. சிமெண்டு எப்புடிப் புடிக்கும்?" என்றார் முத்தையன்.

விழா பதினொரு மணிக்கு. சோமசேகரன் கடைக்கு ஆள் அனுப்பினார். கடையில் வாங்கிய பசைகள் இரண்டும் மழை நீரோடு வழிந்து ஓடின. அப்போதுதான் குடையைப் பிடித்துக்கொண்டு அல்லி வந்து சேர்ந்தாள். சோமசேகரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம், அந்த நிரூபிக்கப்படாத பசை கொஞ்சம் இருக்குமா?"

இருந்தது. முத்தையன் பெயிண்டைச் சுரண்டிப் பூச்சை வெளியே கொண்டுவந்தார். அல்லி பசையைக் கல்லின் முதுகில் தடவினாள். இருவருமாக இருபது நிமிஷம் அழுத்திப் பிடித்தார்கள். சுவரில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கையை எடுத்தபோது கல் அங்கேயே இருந்தது. முத்தையன் அதைத் தட்டினார், குலுக்கினார், பிறகு இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். எழுபது கிலோ முத்தையன் தொங்கியும் கல் அசையவில்லை.

"ஆத்தாடி!" என்றார் அவர். இரண்டு வருஷத்தில் அல்லியின் ஆராய்ச்சிக்கு அந்தக் கட்டடத்துக்குள் கிடைத்த முதல் மதிப்பீடு அது.

பத்து நாற்பதுக்குத் தொலைபேசி வந்தது. செயலாளரைக் காலையில் வேறு துறைக்கு மாற்றிவிட்டார்கள். அவர் வரமாட்டார். புதிய செயலாளர் பொறுப்பேற்றதும் தேதி தருவார். விழா ரத்தானது, விருந்து மட்டும் ரத்தாகவில்லை. பாதாம் அல்வாவைச் சாப்பிட்டுக்கொண்டே சோமசேகரன் முத்தையனைக் கூப்பிட்டு, "அந்தக் கல்லை எடுத்துடுங்க. புதுப் பேருல வேற கல்லு வரும்" என்றார்.

"அரை மணி நேர வேலைங்க" என்றார் முத்தையன்.

அன்று மாலை வரை இரண்டு உளிகள் முனை மழுங்கின. மூன்றாவது உளிக்குக் கல்லின் ஒரு மூலை மட்டும் உடைந்தது. அதோடு எழுத்தும் போயிற்று. 'மதிப்பிற்குரிய செயலாளர்' என்பதில் 'மதி' மட்டும் கீழே விழுந்துவிட, மிச்சமெல்லாம் சுவரிலேயே இருந்தது. மறுநாள் வெந்நீர் ஊற்றினார்கள். அதற்கடுத்த நாள் மண்ணெண்ணெய். பிறகு கழிப்பறை கழுவும் ஆசிட். ஆசிட்டில் சுவரும் முத்தையனின் செருப்பும் வெளுத்தன. கல் குளித்து முடித்த மணப்பெண் மாதிரி பளபளவென்று நின்றது.

"இது மேலயே புதுக் கல்லை ஒட்டிடலாங்களே?" என்று கேட்டார் முத்தையன்.

சோமசேகரன் அதிர்ந்துபோனார். "ஒரு அதிகாரி பேருக்கு மேல இன்னொரு அதிகாரி பேரா? அவர் நாளைக்கே பதவி உயர்வுல திரும்பி வந்து, நம்ம பேரு எங்கேன்னு கேட்டா?"

பக்கத்தில் பதிக்கலாமே என்றதற்கு, ஒரே இயந்திரத்தை இருவர் திறந்ததாக ஆகிவிடும் என்றார். எனவே பழைய கல் பெயரவேண்டும். பெயரவில்லை. பெயராததற்கு யாராவது காரணமாக இருக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை அல்லிக்குக் குற்றக் குறிப்பாணை வந்தது. 'நிறுவனத்தின் அசையும் சொத்தான கல்வெட்டு ஒன்றை, தகுதியுடைய அதிகாரியின் முன் அனுமதியின்றி, அசையாச் சொத்தாக மாற்றியது' என்பது குற்றம்.

அல்லி அதைத் தன் ஊரான அம்பகரத்தூருக்குப் போகும் பஸ்ஸில் நான்கு முறை படித்தாள். முதல் தடவை சிரிப்பு வந்தது. நான்காவது தடவை வரவில்லை. நெல் விற்றுப் படிக்கவைத்த வீடு. பஸ்ஸை விட்டு இறங்கியபோது அம்மா முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள், "என்னடி ஆச்சு?" என்று. சொன்னாள். கல்லை நல்லா ஒட்டினதுக்கா குற்றம் என்று அம்மாவுக்குப் புரியவேயில்லை. "நீ கொஞ்சம் லேசா ஒட்டியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாள்.

விசாரணை திங்கட்கிழமை. புகார் கொடுத்தவர் சோமசேகரன். விசாரணை அதிகாரியும் சோமசேகரன். முதல் சாட்சியும் அவரே. குற்றம் சாட்டப்பட்டவராகவும் அவரே இருக்க விதியில் இடமில்லாததால் மட்டுமே அல்லியை உள்ளே அழைத்தார்கள்.

"பசை வலுவானதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார் சோமசேகரன்.

"தெரியும்னு ஒம்பது கடிதம் எழுதியிருக்கேன் சார்."

"அதுங்க மேல நான் என்ன எழுதினேன்?"

"நிரூபிக்கப்படவில்லைன்னு."

"ஆக, இந்தப் பசை ஒட்டாதுங்கறதுதான் நிர்வாகத்தோட நிலைப்பாடு. ஒட்டாதுங்கற நம்பிக்கையிலதான் நான் அதை உபயோகிக்கச் சொன்னேன். நீங்க ஒட்ட வெச்சுட்டீங்க. இது நம்பிக்கைத் துரோகம் இல்லையா?"

அல்லிக்கு முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில்கூட இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

"மேலும், குற்றத்தோட அளவு தெரியாம தண்டனையோட அளவைத் தீர்மானிக்க முடியாது. கல்லு 'பெயரலை'ன்னு கோப்புல எழுதினா போதாது. எவ்வளவு இழுத்தும் பெயரலைங்கறதை சாட்சிகள் முன்னிலையில நிரூபிக்கணும். அடுத்த வியாழக்கிழமை இழுக்கறோம்" என்று முடித்தார் சோமசேகரன்.

தலை குனிந்து உட்கார்ந்திருந்த அல்லி மெதுவாக நிமிர்ந்தாள். அவள் மனசுக்குள் ஏதோ குதித்தது. அதை அடக்கிக்கொண்டு, முடிந்தவரை குற்றவாளி போலவே குரலை வைத்துக்கொண்டாள்.

"சார், இழுக்கும்போது நடுவுல ஒரு தொங்கு தராசு மாட்டிக்கலாங்களா? இரும்புக் கடையில இருக்கும்ல, அந்த மாதிரி."

"எதுக்கு?"

"என் குற்றத்தோட அளவு துல்லியமா தெரியணுமில்லீங்களா?"

சோமசேகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தாறு வருஷப் பணியில் இவ்வளவு ஒத்துழைக்கும் ஊழியரை அவர் பார்த்ததில்லை.

ஆனால் ஒரு சிக்கல். கல் சுவரோடு சுவராக இருந்தது. கொக்கி மாட்ட இடமில்லை. ஓர் இரும்புத் தகட்டில் கொக்கியைப் பற்றவைத்து, தகட்டைக் கல்லின் முகத்தில் ஒட்டி இழுக்கலாம் என்றார் முத்தையன். எதை வைத்து ஒட்டுவது? மழை நிற்கவில்லை. கடைப் பசை மூன்று முறை வழுக்கியது. புதன்கிழமை மாலை அல்லிக்கு ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் மீதான குற்றத்தை நிரூபிக்கும் பொருட்டு, குற்றத்துக்குக் காரணமான பசையில் ஐம்பது கிராம் வழங்கி ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

அல்லி நூறு கிராமாகவே கொடுத்தாள். முத்தையனோடு நின்று தகட்டைத் தானே ஒட்டினாள். பொருளின் பிடிப்பை அளக்க உலகமெங்கும் விஞ்ஞானிகள் செய்கிற பரிசோதனை சரியாக இதுதான் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மழை தூறலாகக் குறைந்தது. பக்கத்தில் குளம் வெட்ட வந்திருந்த ஜேசிபி ஒன்றைச் சோமசேகரன் கடிதம் கொடுத்து வரவழைத்திருந்தார். தகட்டின் கொக்கியிலிருந்து தராசு, தராசிலிருந்து சங்கிலி, சங்கிலியிலிருந்து ஜேசிபி. நிறுவனம் முழுதும் குடையோடு வந்து நின்றது. சிப்பிக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் காசியம்மாவும் வந்து நின்றாள்.

"என்னம்மா, தேரு இழுக்குறாங்களா?"

"என்னை இழுக்குறாங்க அக்கா" என்றாள் அல்லி.

சோமசேகரன் தராசைப் பார்த்து உரக்கப் படிக்க, தட்டச்சர் எழுதிக்கொண்டார். "ஐநூறு கிலோ! பெயரவில்லை!" சங்கிலி விறைத்தது. "ஆயிரம்! பெயரவில்லை!" கூட்டம் அரைவட்டமாகப் பின்வாங்கியது. "ஆயிரத்து ஐநூறு! பெயரவில்லை!" அவர் குரலில் ஒரு வெற்றிக்களிப்பு ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு நூறு கிலோவுக்கும் அல்லியின் குற்றம் கனத்துக்கொண்டிருந்தது. இரண்டாயிரத்தில் யாரோ கை தட்டினார்கள். இரண்டாயிரத்து ஐநூறில் காசியம்மா, "உடாதே! உடாதே!" என்று கத்தினாள். யாரைப் பார்த்துக் கத்தினாள் என்று தெரியவில்லை; சிப்பியைப் பார்த்துத்தான் இருக்கும்.

மூவாயிரத்தில் இயக்குநர் சிவராமன் காரிலிருந்து இறங்கினார். கூட்டத்தைக் கண்டால் அவரால் பேசாமல் இருக்க முடியாது. எல்லாரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, குடைக்கடியில் நின்று பேசினார்.

"நண்பர்களே, உயிரினங்களைப் பார்த்துக் கத்துக்கணுங்கறதுதான் இந்த நிறுவனத்தோட தத்துவம். சிப்பியைப் பாருங்க. அது என்ன பண்ணுது? நல்ல எடமா பாத்து ஒட்டிக்குது. அலை இந்தப் பக்கம் அடிச்சாலும் அந்தப் பக்கம் அடிச்சாலும் அசையறதில்லை. வாயை அவசியம் இருந்தாத்தான் திறக்குது. தன்னைத் தாண்டிப் போறதுலேருந்து தனக்கு வேண்டியதை வடிகட்டி எடுத்துக்குது. பத்தொம்பது வருஷமா இந்த இயக்குநர் பதவியில நான் வேற என்ன பண்ணியிருக்கேன்? சொல்லுங்க!"

யாரும் சொல்லவில்லை. பலமாகக் கை தட்டினார்கள். ஜேசிபி மறுபடி உறுமியது.

"மூவாயிரத்து ஐநூறு! பெயரவில்லை! மூவாயிரத்து எழுநூறு! பெயர..."

குண்டு வெடித்தாற்போல ஒரு சத்தம். புழுதியும் தண்ணீரும் அடங்கியபோது கல் சங்கிலியில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அதன் முதுகில், ஒரு விரற்கடைகூட விலகாமல், நிறுவனத்தின் சுவர் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு அங்குலப் பூச்சும், அதற்குப் பின்னாலிருந்த செங்கல்லும் கூடவே வந்திருந்தன. சுவரில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ரிப்பன் கட்டிய இயந்திரம் தெரிந்தது.

அல்லி ஓடிப்போய்க் கல்லின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். ஒட்டு விடவில்லை, சுவர்தான் விட்டிருந்தது. அவளுக்கு அங்கேயே முத்தையனின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடவேண்டும் போலிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் என்பதால் அடக்கிக்கொண்டாள். காசியம்மாவுக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. அவள் விரல்களை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள்.

விசாரணை அறிக்கை நான்கு நாளில் தயாரானது. சோமசேகரன் எழுதிய உரைநடையிலேயே உச்சம் அதுதான். 'பலமான மழையில், ஈரம் ஊறிய சுவரில், இருபது நிமிட நேரத்தில் ஒட்டப்பட்ட மேற்படி கல், மூன்று டன் எழுநூற்று நாற்பது கிலோ இழுவைக்கும் பிரியவில்லை என்பதும், பசைக்கு முன்னதாக நிறுவனத்தின் சுவரே தோற்றது என்பதும், உளி, வெந்நீர், மண்ணெண்ணெய், அமிலம் ஆகியவற்றாலும் பசை சிறிதும் தளரவில்லை என்பதும் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகின்றன. குற்றம் உறுதி.' கீழே சாட்சிகளின் கையெழுத்து, இயக்குநரின் கையெழுத்து, அலுவலக முத்திரை. தண்டனையாக, பணிப்பதிவேட்டில் கண்டனம்.

அல்லி கையெழுத்துப் போட்டு ஒரு நகல் வாங்கிக்கொண்டாள். அன்றே அதை நிதி மன்றத்துக்கு அனுப்பினாள்.

பதினெட்டு நாளில் பதில் வந்தது. மூன்று வருஷத்துக்கு நீட்டிப்பு. கூடவே இயக்குநருக்கு ஒரு பாராட்டுக் கடிதம். 'தன் விஞ்ஞானியின் கண்டுபிடிப்பை இவ்வளவு பகைமையோடு பரிசோதித்த நிறுவனத்தை நாங்கள் கண்டதில்லை. இந்த அறிக்கையின் நேர்மையில் எமக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.'

சிவராமன் அல்லியைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் இனிப்பு. பக்கத்தில் சோமசேகரன்.

"உக்காருங்க அல்லி. நடந்ததை மறந்துடுவோம். உங்க மேல இருந்த குற்றத்தை ரத்து பண்ணிடலாம்னு இருக்கேன். விசாரணை அறிக்கையையே செல்லாதுன்னு ஆக்கிடுவோம். நீங்க சுத்தமா வெளியில வந்துடலாம்!"

அல்லி மனசுக்குள் கணக்குப் போட்டாள். அறிக்கை செல்லாது என்றால் எண் செல்லாது. எண் செல்லாவிட்டால் நீட்டிப்பு செல்லாது.

"வேண்டாங்க சார்!" என்று எழுந்துவிட்டாள். "நான் குற்றவாளிதான். நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். விசாரணை ரொம்ப நியாயமா நடந்துச்சு. தயவுசெஞ்சு என்னை விடுதலை பண்ணிடாதீங்க."

"பயப்படாதீங்கம்மா, நாங்க மனசார மன்னிக்கறோம்."

"மன்னிக்காதீங்க சார். கையெடுத்துக் கும்பிடறேன்."

சிவராமன் குழம்பிப்போய்ச் சோமசேகரனைப் பார்த்தார். சோமசேகரன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். விடுதலையை எதிர்த்து ஊழியர் முறையிடுவதற்கு எந்த விதியும் இல்லை. படிவமும் இல்லை. படிவம் இல்லாத முறையீட்டை நிராகரிக்கவும் முடியாது, நிலுவையில்தான் வைக்கமுடியும். அது நிலுவையில் இருக்கும்வரை தண்டனை தொடரும் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். அவர் எழுதிய அறிக்கை பிழைத்ததில் அவருக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான்.

அல்லி ஐந்தே கால் பஸ்ஸைப் பிடித்து, ஜன்னலோர இடத்தில் விழுந்து, வீட்டுக்குப் போன் செய்தாள். சிரிப்பில் வார்த்தை வரவில்லை.

"அம்மா, குற்றம் உறுதியாயிடுச்சும்மா! ரத்து பண்ணப் பாத்தாங்க, நான் விடலையே!"

அழுவதா சிரிப்பதா என்று மறுமுனையில் அம்மா யோசிப்பது கேட்டது.

"ஆமாம்மா, மூணு வருஷம்! முழுசா மூணு வருஷம் குடுத்துட்டாங்க! பாயசம் வை!"

பஸ்ஸில் பேச்சு நின்றுபோயிருந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழித்த கையோடு நின்றார். பக்கத்து இருக்கையில் இருந்த பெண் தன் பையை மெல்ல மடிக்கு இழுத்துக்கொண்டாள். ஆனாலும் இரக்கம் தாங்காமல் அல்லியின் கையைத் தொட்டு, "மனசை விட்டுடாதீங்கம்மா. மேல அப்பீல் பண்ணுனா கொறைப்பாங்க" என்றாள்.

"ஐயையோ, வேண்டாங்க. இதையே கெஞ்சிக் கூத்தாடித்தான் வாங்கிட்டு வர்றேன்" என்றாள் அல்லி.